வைரஸின் உறையை உடைக்கும் மூலக்கூறுகள்: ஆய்வுக்கூட அனுபவம்

வைரஸின் கொழுப்பு உறையை உடைக்கும் மூலக்கூறுகளை ஆராய்கிறேன் என்று சொன்னால், ஏதோ பெரிய மருந்து கண்டுபிடிக்கப் போகிறேன் என்று ஊரில் பலர் நினைத்துக்கொள்வார்கள். உறையை உடைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சோப்பு உடைக்கும். 70 சதவீத ஆல்கஹால் உடைக்கும். தேனீ விஷத்தில் இருக்கும் மெலிட்டின் என்ற 26 அமினோ அமிலப் பெப்டைடும், அதாவது புரதம் போன்ற சிறு சங்கிலியும், உடைக்கும். ஆனால் இவை எதுவும் இது வைரஸ், இது நம் ரத்தச் சிவப்பணு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. உடைக்கிற பொருளைத் தேடுவதில் எனக்கு அதிக நேரம் போகவில்லை. எது உடைந்தது, எப்படி உடைந்தது, எது உடையாமல் தப்பியது என்று சந்தேகமில்லாமல் காட்டுவதில்தான் என் முனைவர் பட்டக் காலத்தின் பெரும்பகுதி போனது.

கோவையில் வேதியியல் படித்துவிட்டு சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தவள் நான். வைரஸ் பற்றிப் பள்ளிப் பாடத்தைத் தாண்டி அப்போது எதுவும் தெரியாது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் எம்.எஸ்சி. மாணவர்கள் இப்போது என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அதனால் கையால் செய்து தெரிந்துகொண்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. எந்த லிபிட் (கொழுப்பு மூலக்கூறு) சோதனையையும் கற்றுக்கொள்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. நோனாக்ஸினால்-9 என்று ஒரு சோப்பு வகைப் பொருள் உண்டு. விந்தணுவைக் கொல்லும் கருத்தடைப் பொருளாகப் பல்லாண்டுகள் விற்பனையில் இருந்தது. சோதனைக்குழாயில் அது எச்.ஐ.வி.யின் உறையைக் கரைத்துவிடும். அப்படியானால் ஜெல்லாகப் பெண்கள் பயன்படுத்தினால் தொற்றைத் தடுக்கலாமே என்று பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் சோதித்தார்கள். 2002-ல் வெளிவந்த முடிவு எல்லோரையும் அதிரவைத்தது. ஜெல்லை அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று குறையவில்லை, கூடியிருந்தது. வைரஸின் உறையைக் கரைத்த அதே பொருள் உடலின் உட்தோலையும் புண்ணாக்கி வைரஸுக்கு வழி திறந்துவிட்டிருந்தது. குழாய்க்குள் கிடைத்த முடிவில் பிழை எதுவும் இல்லை. குழாய்க்கு வெளியே ஒரு உடம்பு இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் ஏன் இந்த வழியை யாரும் கைவிடவில்லை? காரணம் வலுவானது. இன்ஃப்ளுயன்சா, எச்.ஐ.வி., டெங்கு, சிக்குன்குனியா, ஸீக்கா, எபோலா, கொரோனா எல்லாமே உறையுள்ள வைரஸ்கள். அந்த உறை வைரஸ் தானே செய்துகொண்டது கிடையாது. செல்லிலிருந்து வெளியேறும் வழியில் அதன் சவ்வைச் சுற்றிக்கொண்டு வருகிறது. மருந்துகள் வழக்கமாகக் குறிவைப்பது வைரஸின் புரதங்களை. மரபணுவில் சின்ன மாற்றம் வந்தால் புரதம் மாறிவிடும், மருந்து தோற்றுவிடும். உறையின் கொழுப்பு வைரஸின் மரபணுவில் எழுதப்படவில்லை, அதனால் அதை மாற்றிக்கொண்டு தப்பிப்பது கடினம். இன்னொன்று, செல்லின் சவ்வில் ஓட்டை விழுந்தால் செல் அதைச் சரிசெய்துகொள்ளும், புதுக் கொழுப்பைத் தயாரித்துக்கொள்ளும். வைரஸுக்கு அந்த வசதி இல்லை. கிழிந்தால் கிழிந்ததுதான்.

மூன்றாவது காரணம் அளவு. டெங்கு, ஸீக்கா வைரஸ்களின் விட்டம் 50 நானோமீட்டர் அளவு. இன்ஃப்ளுயன்சாவும் எச்.ஐ.வி.யும் நூறை ஒட்டி இருக்கும். சாதாரண மனித செல் பத்தாயிரம் நானோமீட்டருக்கும் மேல். சவ்வின் தடிமன் நான்கைந்து நானோமீட்டர்தான் என்பதால் இவ்வளவு சின்ன உருண்டையாக வளையும்போது வெளிப்பக்கத்தில் லிபிட் மூலக்கூறுகளுக்கு இடையே இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் நுழையத் தெரிந்த மூலக்கூறு கிடைத்தால் சின்ன உருண்டையை உடைத்துப் பெரிய செல்லை விட்டுவிடும்.

அப்படி ஒன்று கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டில் நாம்-ஜூன் சோ, கர்ட்டிஸ் ஃபிராங்க், ஜெஃப்ரி கிளென் ஆகியோர் ஹெபடைட்டிஸ் சி வைரஸின் என்எஸ்5ஏ என்ற புரதத்தின் முனையிலிருந்து ஒரு சுருள் பெப்டைடை எடுத்தார்கள். ஏஎச் பெப்டைடு என்பார்கள். அந்தச் சுருளின் ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் கொழுப்பை விரும்பும். அது சிறிய வெசிகிள்களை (சவ்வாலான நுண் உருண்டைகளை) உடைக்கிறது, பெரியவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது என்று 2009-ல் காட்டினார்கள். பிறகு சிங்கப்பூருக்கு வந்த சோவின் குழு, 2018-ல் இதே வகைப் பெப்டைடு எலிகளின் மூளைக்குள் சென்று ஸீக்கா தொற்றிலிருந்து காப்பாற்றியதாக வெளியிட்டது. என்னை இந்தத் துறைக்கு இழுத்தது இந்த வேலைதான். ஒரு வைரஸின் புரதத் துண்டே மற்ற வைரஸ்களைக் கிழிக்கிறது என்பதில் ஒரு குறும்பு இருக்கிறது, இல்லையா?

சரி, கையில் வேலை எங்கே தொடங்குகிறது? வைரஸில் இல்லை. லிப்போசோமில். உள்ளே தண்ணீர், வெளியே தண்ணீர், நடுவில் லிபிட் சவ்வு, புரதம் எதுவும் இல்லாத வெறும் உருண்டை. தொற்றாது என்பதால் பாதுகாப்பு அறை தேவையில்லை, சாதாரண மேசையிலேயே வேலை செய்யலாம்.

லிபிட் குளோரோஃபார்மில் கரைந்து வரும். பிளாஸ்டிக் பிப்பெட் முனையால் அதைத் தொடவே கூடாது. குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கிலிருந்து எதையாவது இழுத்துக்கொண்டு வரும், அந்த எதையாவதும் சவ்வில் போய் உட்காரும். கண்ணாடி சிரிஞ்ச்தான். நைட்ரஜனை மெதுவாக ஊதி, கண்ணாடிக் குப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் சுவரில் மெல்லிய படலம் படியும். வெற்றிடத்தில் வைத்து மிச்சக் குளோரோஃபார்மையும் விரட்டிவிட வேண்டும். பஃபர் (அமில-காரத் தன்மையை மாறாமல் காக்கும் கரைசல்) ஊற்றிக் கலக்கி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து வெந்நீரில் உருக்கி, இதையே சில முறை செய்தபின் எக்ஸ்ட்ரூடரில் 100 அல்லது 50 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் வடிகட்டி வழியாக இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே தள்ளுவோம். தள்ளும் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். பதினொன்று, இருபத்தொன்று, ஏதோ ஒன்று. அப்போதுதான் கடைசியில் திரவம் எதிர்ப்பக்கத்து சிரிஞ்சில் வந்து நிற்கும், வடிகட்டியைத் தாண்டாத பெரிய குப்பைகள் முதல் சிரிஞ்சிலேயே தங்கிவிடும்.

எந்த லிபிட் என்பதும் முக்கியம். பிஓபிசி என்ற ஒரே லிபிட்டை மட்டும் வைத்துச் செய்த உருண்டை கையாள எளிது. அதன் உருகுநிலை மைனஸ் 2 டிகிரி, அறை வெப்பத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் எச்.ஐ.வி.யின் உறையில் கிட்டத்தட்ட பாதி கொலஸ்ட்ரால், அதோடு ஸ்பிங்கோமைலின் என்ற இன்னொரு லிபிட். இந்தக் கலவையைச் சூடுபடுத்தாமல் எக்ஸ்ட்ரூடரில் தள்ளினால் சிரிஞ்ச் உடையும், கை வலிக்கும், வடிகட்டி கிழியும். டெங்கு செல்லின் உட்புற வலைச்சவ்விலிருந்து உறையை எடுத்துக்கொள்கிறது, அங்கே கொலஸ்ட்ரால் குறைவு. ஆகவே பிஓபிசி உருண்டையை உடைத்த மூலக்கூறு எச்.ஐ.வி.யையும் உடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. கொலஸ்ட்ரால் ஏற ஏற, கெட்டிக்காரப் பெப்டைடுகள் பல பல்லிளித்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

செய்த உருண்டைகளின் அளவைப் பார்க்க ஒளிச்சிதறல் கருவி, டிஎல்எஸ். இதை நம்புவதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். சிதறும் ஒளியின் அளவு விட்டத்தின் ஆறாம் அடுக்கோடு ஏறுகிறது. பத்து மடங்கு பெரிய ஒரே ஒரு தூசி, பத்து லட்சம் சிறிய உருண்டைகளுக்குச் சமமாக ஒளி வீசும். கல்யாண மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் பேசுவது எதுவும் காதில் விழாது, அந்தக் கதைதான். பெப்டைடு சேர்த்தபின் 'அளவு கூடிவிட்டது' என்று கருவி சொன்னால் உருண்டைகள் எல்லாம் பெருத்துவிட்டன என்று எழுதிவிடாதீர்கள். ஓரிரண்டு ஒட்டிக்கொண்டு கட்டியாகியிருக்கலாம், பெப்டைடே தனக்குள் திரண்டிருக்கலாம். லிபிட் இல்லாமல் பெப்டைடை மட்டும் பஃபரில் போட்டு ஒருமுறை அளந்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கருவி: குவார்ட்ஸ் கிரிஸ்டல் மைக்ரோபேலன்ஸ், சுருக்கமாக கியூசிஎம்-டி. நாணயம் போன்ற ஒரு குவார்ட்ஸ் தகடு நொடிக்கு ஐம்பது லட்சம் முறை அதிர்கிறது. அதன்மேல் ஏதாவது ஒட்டினால் அதிர்வெண் குறையும். 1959-ல் சாவர்ப்ரே என்ற ஜெர்மன் இயற்பியலாளர் போட்ட கணக்குப்படி, 5 மெகாஹெர்ட்ஸ் தகட்டில் ஒரு ஹெர்ட்ஸ் குறைந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் ஒட்டியிருக்கிறது. 'டி' என்பது அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது. ஒட்டியது கெட்டியான மெல்லிய படலமா, கொழகொழப்பான குவியலா என்று அது சொல்லும்.

சிலிக்கா பூசிய தகட்டில் பிஓபிசி உருண்டைகளை விட்டால் ஓர் அழகான வளைகோடு வரும். முதலில் உருண்டைகள் முழுசாக ஒட்டும், அதிர்வெண் இறங்கிக்கொண்டே போகும். ஓரளவு நெருக்கமானதும் ஒன்றையொன்று தள்ளி உடைந்து விரியும், உள்ளே இருந்த தண்ணீர் வெளியேறும், அதிர்வெண் திரும்ப ஏறி மைனஸ் 26 ஹெர்ட்ஸ் பக்கம் நின்றுவிடும். அந்த 26 எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். 26-ல் நின்று, 'டி'யும் கிட்டத்தட்ட சுழியத்துக்கு வந்துவிட்டால் தகட்டின்மேல் முழுமையான ஒற்றைச் சவ்வு விரிந்திருக்கிறது என்று பொருள். நாற்பதில் நின்றால் உடையாத உருண்டைகள் நடுவே மாட்டிக்கொண்டிருக்கின்றன. தகட்டைச் சரியாகக் கழுவவில்லை, அல்லது லிபிட் பழசு.

தங்கம், டைட்டானியம் ஆக்சைடு பூசிய தகடுகளில் உருண்டைகள் உடையாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உறையுள்ள வைரஸ்களைத் தட்டில் அடுக்கிவைத்தது போன்ற ஓர் அமைப்பு இது. அதன்மேல் ஏஎச் பெப்டைடைச் செலுத்தினால் அதிர்வெண் முதலில் இன்னும் கீழே போகும், பெப்டைடு ஒட்டுகிறது, உருண்டைகள் வீங்குகின்றன. பிறகு சட்டென்று ஏறும். உடைந்து, விரிந்து, 26 பக்கம் வந்து நிற்கும். முதன்முதலில் இதைத் திரையில் பார்த்தபோது பக்கத்து மேசைக்காரரை இழுத்து வந்து காட்டினேன். அவர் ஏற்கெனவே பலமுறை பார்த்தவர், பாவம், பொறுமையாகப் பார்த்தார்.

இந்தக் கருவியில் புதியவர்களுக்கு நான் சொல்வது சில உண்டு. பஃபரைச் செலுத்துவதற்கு முன் காற்றை அகற்றுங்கள், ஒரு சின்னக் குமிழி மொத்த நாளையும் விழுங்கிவிடும். வெப்பநிலை நிலைக்கும்வரை காத்திருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் மூலக்கூறைக் கரைத்த டிஎம்எஸ்ஓவையோ எத்தனாலையோ மட்டும் அதே அளவில் தனியாகச் செலுத்திப் பாருங்கள். திரவத்தின் பாகுநிலையும் அடர்த்தியும் மாறினாலே அதிர்வெண் நகரும், தகட்டில் ஒன்றும் ஒட்டியிருக்க வேண்டியதில்லை. வெளிவந்த கட்டுரைகளிலேயே இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் 'சவ்வோடு பிணைந்தது' என்று எழுதியதைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். பழைய பஃபரால் கழுவியதும் கோடு இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டால், முதலில் கரைப்பானைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சாயக் கசிவுச் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததே. உருண்டைக்குள் கார்பாக்ஸிஃப்ளோரசீனை அடர்த்தியாக அடைத்தால் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மங்கலாக இருக்கும், வெளியே கசிந்தால் ஒளிரும். கடைசியில் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு வகைப் பொருளை ஊற்றி எல்லாவற்றையும் உடைத்து அதை நூறு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே, வெளியே உப்பழுத்தம் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே இல்லாமல் கசியும். சாயம் காரத்தன்மைக்கு ஏற்ப ஒளியை மாற்றிக்கொள்ளும் என்பதால் அமிலத்தன்மையுள்ள மருந்து பஃபரைத் தோற்கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் மஞ்சள் வருகிறது. நம் ஊரிலிருந்து வரும் மாணவர்களில் ஒருவராவது மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினைச் சோதிக்கலாமா என்று கேட்காமல் இருக்கமாட்டார்கள். குர்குமின் தானே ஒளிரும். ஒளியை அளக்கும் சோதனையில் அதைப் போட்டால் வரும் எண்ணில் எவ்வளவு சாயம், எவ்வளவு மஞ்சள் என்று பிரிப்பது பெரும்பாடு. போதாதற்கு, உடலின் காரத்தன்மையில் உள்ள பஃபரில் அது சீக்கிரமே சிதைந்துவிடும். 2014-ல் ஒரு குழு குர்குமின், மிளகாயின் கேப்சைசின், தேயிலையின் ஈஜிசிஜி, ரெஸ்வெரட்ரால் போன்றவற்றை எடுத்துச் சோதித்து, இவை பொதுவாகவே லிபிட் சவ்வின் தன்மையை மாற்றிவிடுகின்றன, அதனால் சவ்வில் பதிந்த எந்தப் புரதத்தின் வேலையும் மாறியதுபோலத் தெரியும் என்று காட்டியது. நூறு நோய்களுக்கு நூறு புரதங்களில் வேலை செய்கிறது என்று ஒரு பொருளைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு இப்போதெல்லாம் முதலில் சவ்வுதான் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது வெளிச்சம். 2010-ல் பென்ஹர் லீயின் குழு எல்ஜே001 என்ற மூலக்கூறை அறிமுகப்படுத்தியது. உறையுள்ள பலவகை வைரஸ்களை அது செயலிழக்கச் செய்தது, உறையில்லாதவற்றைத் தொடவில்லை. எப்படி என்பது 2013-ல் தெரிந்தது. அது வெளிச்சம் பட்டால் ஆக்சிஜனைக் கிளர்வுற்ற ஒற்றை நிலைக்குக் கொண்டுபோகிறது. அந்த ஆக்சிஜன் லிபிட்டின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி உறையின் வழுவழுப்பைக் கெடுக்கிறது. இருட்டில் வைத்தால் ஒன்றும் நடக்காது. எனக்கு இதில் பிடித்தது இன்னொன்று: வைரஸ் உடைவதே இல்லை. முழுசாக இருக்கிறது, செல்லில் போய் ஒட்டவும் செய்கிறது, ஆனால் செல்லின் சவ்வோடு கலக்க முடியவில்லை. கசிவுச் சோதனை மட்டும் வைத்திருப்பவர் இதை 'வேலை செய்யாத மூலக்கூறு' என்று தூக்கிப்போட்டிருப்பார்.

இதே குணமுள்ள ஒரு சாய வகை மூலக்கூறை எங்கள் ஆய்வகத்தில் இரண்டு பேர் சோதித்தோம். எனக்கு ஒரு முடிவு, அவருக்கு ஒரு முடிவு. பஃபர், லிபிட், பிப்பெட் எல்லாம் மாற்றிப் பார்த்தும் ஒத்துவரவில்லை. கடைசியில் பார்த்தால் அவர் தன் குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றிவைக்கும் பழக்கமுள்ளவர், நான் ஜன்னலோரம் வேலை செய்பவள். அன்றிலிருந்து நிறமுள்ள எந்தப் பொருளானாலும் வெளிச்சத்தில் ஒன்று, இருட்டில் ஒன்று என்று இரண்டு தொகுதியாகத்தான் செய்கிறேன். சோடியம் அசைடு அந்த ஒற்றை நிலை ஆக்சிஜனை அணைக்கும். அசைடு சேர்த்ததும் விளைவு மறைந்தால் வழி எதுவென்று தெரிந்துவிடும். அசைடு கடும் விஷம், அமிலத்தோடு சேரவே கூடாது, கவனம்.

இனி எண்ணெய் விஷயம். 2020-ல் பொள்ளாச்சியிலிருந்து அத்தை அழைத்தார். "ஏங்கண்ணு, தேங்காயெண்ணெய்ல இருக்கறதத்தான் நீ அங்க ஆராய்ச்சி பண்றயாமா? அப்ப தெனம் ரெண்டு கரண்டி குடிச்சா கொரோனா அண்டாதுல்ல?"

"அப்படி இல்லீங்கத்தை" என்று தொடங்கி நான் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பாதியளவு லாரிக் அமிலம். அதன் கிளிசரால் வடிவம் மோனோலாரின். இவை உறையுள்ள வைரஸ்களைச் செயலிழக்கச் செய்யும் என்று 1987-லேயே தோர்மர் குழுவினர் காட்டிவிட்டார்கள். எங்கள் கருவியிலும் தெளிவாகத் தெரியும். லாரிக் அமிலம் பட்ட சவ்விலிருந்து நீண்ட குழாய்கள் முளைக்கும், மோனோலாரின் பட்டதில் மொட்டு மொட்டாகக் கிளம்பும், எஸ்டிஎஸ் சோப்பு பட்டால் சவ்வு கரைந்தே போய்விடும். மூன்றும் பன்னிரண்டு கார்பன் வால் உள்ளவைதான், தலை மட்டும்தான் வேறு.

ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் மூலக்கூறுகள் மைசெல்லாக (வால்களை உள்ளே மறைத்த சிறு உருண்டைகளாக) திரளும் செறிவை எட்டும்போதுதான் பளிச்சென்று நடக்கிறது. உப்புப் பஃபரில் மோனோலாரினுக்கு அது 60 மைக்ரோமோலார் அளவு, லாரிக் அமிலத்துக்கு 900 அளவு. எண்ணெயில் லாரிக் அமிலம் தனியாக இல்லை, ட்ரைகிளிசரைடாகக் கட்டுண்டு கிடக்கிறது. செரித்து விடுபட்டு ரத்தத்துக்கு வந்தாலும் அங்கே ஆல்புமின் என்ற புரதம் காத்திருக்கிறது. ஒரு ஆல்புமின் மூலக்கூறில் கொழுப்பு அமிலம் உட்காரக் குறைந்தது ஏழு இடங்கள் உண்டு. சுதந்திரமாகத் திரிய விடாது. உங்கள் மூலக்கூறு கொழுப்பை விரும்பும் வகை என்றால், முதல் மாதத்திலேயே பத்து சதவீத சீரம் சேர்த்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். அதில் விளைவு மாயமாகிவிட்டால், தோலில் பூசும் மருந்தாகவோ பரப்பைத் துடைக்கும் திரவமாகவோ அது பயன்படலாம், மாத்திரையாக ஆவது கடினம். அத்தை கடைசியில் "சரி, சமையலுக்காவது ஊத்திக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

லிப்போசோமிலிருந்து உண்மையான வைரஸுக்குப் போகும் இடம் பலருக்கும் தயக்கம் தருவது. உயர்பாதுகாப்பு ஆய்வகம் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. ஃபை6 என்று ஒரு பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ், உண்டு. செடிகளைத் தாக்கும் ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவைப் பிடிக்கும், மனிதர்களை ஒன்றும் செய்யாது, ஆனால் லிபிட் உறை உண்டு. அதோடு உறையில்லாத எம்எஸ்2 ஃபேஜையும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபை6 செத்து எம்எஸ்2 பிழைத்தால் உறைதான் இலக்கு என்பதற்கு நல்ல அறிகுறி. இரண்டும் செத்தால் உங்கள் மூலக்கூறு புரதத்தையோ ஆர்என்ஏவையோ பாக்டீரியாவையோ தாக்கிக்கொண்டிருக்கலாம். ஃபை6 உறை பாக்டீரியாவிலிருந்து வந்தது, கொலஸ்ட்ரால் கிடையாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பிளேக் சோதனையில் (வைரஸ் கொன்ற செல்கள் விட்டுச்செல்லும் வெற்றுப் புள்ளிகளான பிளேக்குகளை எண்ணுவது) பிளேக்கே இல்லை என்றால் கொண்டாடுவதற்கு முன், வைரஸ் இல்லாமல் மருந்தை மட்டும் அதே நீர்ப்பில் செல்களின்மேல் போட்ட கிண்ணத்தைப் பாருங்கள். வைரஸோடு சேர்ந்து வந்த மிச்ச மருந்து செல்களைக் கொன்றிருந்தாலும் பிளேக் வராது. மருந்தையும் வைரஸையும் முதலில் கலந்து பிறகு நன்றாக நீர்த்துச் செல்லில் சேர்ப்பது ஒரு தொகுதி, செல்லுக்கு முதலில் மருந்து கொடுத்துக் கழுவிவிட்டு வைரஸ் சேர்ப்பது இன்னொன்று, தொற்றியபின் மருந்து கொடுப்பது மூன்றாவது. உறையை நேரடியாகத் தாக்கும் பொருள் முதல் தொகுதியில்தான் முதலில் பளிச்சிட வேண்டும்.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதற்குக் கொரோனா காலம் நல்ல பாடம். ஹைட்ராக்சிகுளோரோகுயின், அமியோடரோன் என்று பழைய மருந்துகள் பல செல் சோதனையில் வைரஸைத் தடுப்பதாக வந்தன. அவற்றில் பெரும்பகுதி ஒரே வகை: நேர்மின் தலை, கொழுப்பை விரும்பும் உடல். 2021-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, இவை செல்லுக்குள் பாஸ்போலிபிட்டைத் தேக்கிவைப்பதாலேயே அந்த விளைவு வருகிறது, விலங்குகளில் அது பலிக்கவில்லை என்று காட்டியது. அங்கே குலைந்தது வைரஸின் உறையே அல்ல, செல்லின் சொந்தக் கொழுப்புக் கணக்கு.

ரத்தச் சிவப்பணுச் சோதனையைப் பலர் கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள். நான் முன்னுக்குக் கொண்டுவரச் சொல்வேன். ஆட்டு ரத்தம், கழுவிய அணுக்கள், மருந்து, சுழற்றி மேல்நீரில் 540 நானோமீட்டரில் ஹீமோகுளோபினின் நிறத்தை அளப்பது. அரைநாள் வேலை. கேரளத்துத் தவளை ஒன்றின் தோலிலிருந்து உருமின் என்ற பெப்டைடை ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். எச்1 வகை ஃப்ளூ வைரஸ் துகள்களை அது சிதைக்கும். தவளைத் தோலில் அதனுடன் கிடைத்த, ஃப்ளூவைக் கொன்ற வேறு பெப்டைடுகள் சிவப்பணுக்களையும் தாக்கியதால் கழிந்துபோயின. உருமின் ஏன் தப்பியது? அது பொதுவான கொழுப்பைத் தேடவில்லை, ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஹீமாக்ளூட்டினின் புரதத்தின் தண்டுப் பகுதியில் போய் உட்கார்கிறது. வைரஸில் மட்டுமே உள்ள ஒன்றில் பிடித்துக்கொண்டு பிறகு துகளைச் சிதைப்பது, அளவை வைத்துப் பிரிப்பது, செல்லின் பழுதுபார்ப்பை நம்புவது. தேர்ந்து தாக்குவதற்கு இதுவரை எனக்குத் தெரிந்த நல்ல வழிகள் இவைதான்.

கையில் பெப்டைடு எடுப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பெப்டைடு சாதாரணப் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குறைந்த செறிவில் நீங்கள் ஊற்றியதில் ஒரு பெரும்பங்கு குழாயிலேயே தங்கிவிடும், 'செறிவு குறைந்தால் திடீரென்று வேலை செய்வதில்லை' என்று தப்பாகத் தோன்றும். ஒட்டாத வகைக் குழாய் கொஞ்சம் விலை அதிகம், வாங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சுருளைக் கெடுத்த, அதே நீளமுள்ள மாற்றுப் பெப்டைடு ஒன்றையும் முதல் ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மதிப்பாய்வாளர் கேட்டபின் வாங்கினால் தயாரிப்புத் தொகுதி மாறிவிடும், தூய்மை மாறிவிடும், எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.

என்ன படித்துவிட்டு வர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: வேதியியலோ இயற்பியலோ உயிரியலோ எதுவானாலும் பரவாயில்லை. சவ்வின் இயற்பியலை அடிப்படையிலிருந்து கொஞ்சம் படியுங்கள், பைத்தானில் ஒரு வளைகோட்டைப் பொருத்தத் தெரிந்திருந்தால் நல்லது. நேர்காணலுக்குப் போகும் ஆய்வகத்தில் கருவிகளின் பட்டியலைக் கேட்காதீர்கள், அது இணையதளத்திலேயே இருக்கும். கரைப்பானை மட்டும் செலுத்திய ஒரு கியூசிஎம்-டி கோட்டையும், கடைசியாக வெளியிட்ட மூலக்கூறின் சிவப்பணுச் சோதனை முடிவையும் காட்டச் சொல்லுங்கள். உடனே கோப்பைத் திறந்து காட்டினால் அங்கே சேரலாம்.